பாலு போட்ட பந்து

(திருவண்ணாமலையில் சடுகுடுப் பந்தயம் முடிந்த மாலையில் இளைஞர்களிடையே பேசியது)

முழங்கால் சிராய்ப்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி பந்தயத்தை நடத்திய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற வழக்கம் நம் மேடைக்குக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் அங்கே அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. அது ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் சடுகுடு ஆடியவர் அல்ல, கிரிக்கெட் ஆடியவர். நம் ஜில்லாக்காரர் அல்ல, தமிழரும் அல்ல. பெயர் பல்வங்கர் பாலு. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். ஒரு கைகூட எழவில்லை. போகட்டும். அவரைத் தெரியாவிட்டாலும், அவரைத் தன் வீரனாக எண்ணி வளர்ந்த ஒரு பிள்ளையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளையின் படம் காலனி முகப்பிலே இருக்கிறது. சிலை ஊருக்கு ஊர் இருக்கிறது. எவனாவது உடைத்துவிடுவான் என்று பல ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஆம் தோழர்களே, டாக்டர் அம்பேத்கரைத்தான் சொல்கிறேன்.

பாலு பிறந்தது 1870களின் நடுவில், தார்வாரில். தோல் வேலை செய்கிற சமார் ஜாதி. தகப்பனார் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். குடும்பம் பூனாவில் வளர்ந்தது. பட்டாளத்துத் துரைமார் ஆடித் தேய்த்து வேண்டாமென்று எறிந்த பந்தையும் மட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினார்கள்.

முதல் வேலை பார்ஸிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில். மைதானத்தைப் பெருக்குவது, உருளை இழுப்பது. சம்பளம் மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் சேர்ந்தார். அங்கே மாதம் 4 ரூபாய். உருளை இழுக்க வேண்டும், சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். துரைமார் பயிற்சிக்கு வந்தால் அவர்களுக்குப் பந்தும் போட வேண்டும்.

கிரிக்கெட் தெரியாத பெரியவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தில் ஒருவன் பந்து போடுகிறான், இன்னொருவன் மட்டையைப் பிடித்து நின்று அடிக்கிறான். நாள் முழுக்கப் பந்து போடுகிறவனுக்குத் தோள் தேய்கிறது. அடிக்கிறவனுக்குக் கைதட்டல் விழுகிறது. நாற்று நடுகிறவள் ஒருத்தி, களத்துமேட்டில் நாற்காலி போட்டு மூட்டையை எண்ணுகிறவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பூனா கிளப்பில் ஜே. ஜி. கிரேக் என்றொரு துரை இருந்தார். பெரிய மட்டைக்காரர். மற்றவர்கள் வருமுன்பே வந்து நின்று, பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பழகுவார். தன்னை ஒரு தடவை அவுட்டாக்கினால் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை அவுட்டாக்கினால் மாதம் 2 ரூபாய், சம்பளத்தில் பாதி. இந்தப் பீஸ் ரேட்டுக் கணக்கு மில் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்படி மணிக்கணக்காக, வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டு, இடது கையால் பந்தைச் சுழற்றுவதில் பாலு கைதேர்ந்துவிட்டார். துரைமாருக்குப் பயிற்சி கொடுக்கப்போய்த் தனக்கே பயிற்சி எடுத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

ஆனால், அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது பாலுவின் கையில் மட்டையைக் கொடுத்து "நீ அடி" என்று அந்தக் கிளப்பில் சொன்னார்களா? சொல்லவில்லை. மட்டை துரைக்கு, பந்து கூலிக்காரனுக்கு. இந்தப் புத்தி நம்மையும் விட்டதில்லை. நான் பள்ளிக்கூடம் போன நாளில் பத்திரிகையில் வருகிற ஆட்டக்காரர் படத்தை வெட்டி நோட்டு அட்டையில் ஒட்டுவோம். வகுப்பில் அத்தனை பேர் நோட்டிலும் மட்டைக்காரன்தான். பந்து போடுகிறவன் படத்தை ஒட்டியவன் ஒருவனும் கிடையாது. இத்தனைக்கும் எல்லோரும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகள்!

சரி, பூனாவுக்கு வருவோம். பூனாவில் இந்துக்களின் கிரிக்கெட் கிளப் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே ஜெயிக்க வேண்டுமென்பது அவர்கள் ஆசை. அதற்கு பாலுவின் பந்து வேண்டும். ஆனால் ஆள் தீண்டத்தகாதவன் ஆயிற்றே! கிளப்புக்குள் வாதப் பிரதிவாதம் நடந்தது. தெலுங்கு உறுப்பினர்கள் சிலர் சேர்க்கலாம் என்றார்கள். மராட்டிய பிராமண உறுப்பினர்கள் சிலர் கூடாது என்றார்கள். பாலுவைச் சேர்க்காவிட்டால் நஷ்டம் இந்துக்களுக்குத்தான் என்று கிரேக் துரையே பத்திரிகைக்குச் சொன்னாராம். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கதை. மைதானத்தில் பாலு தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். அதில் தீட்டு இல்லை. ஆட்டத்தின் நடுவே தேநீர் வேளை வரும். மற்றவர்கள் கட்டடத்துக்குள் போய்ப் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, மண் குவளையில். குடித்ததும் எறிந்துவிட வேண்டும். சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவ வேண்டுமென்றால் அவர் ஜாதியைச் சேர்ந்த வேலைக்காரன் ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான்.

நம் பக்கத்து டீக்கடை இரட்டைக் குவளையைக் கண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்த பாட்டன்மார்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறீர்கள். ஆகவே இதற்குமேல் நான் வர்ணிக்கப் போவதில்லை.

சதாராவில் வெள்ளைக்காரர்கள் மட்டும் சேரக்கூடிய ஒரு கிளப் இருந்தது. பாலுவின் பந்து எடுபடக் கூடாதென்று ஒரு வாரம் தரையை உருட்டி உருட்டிக் கல்லாக்கி வைத்தார்களாம். அந்தத் தரையிலும் பாலு 7 விக்கெட் எடுத்தார், இந்துக்கள் ஜெயித்தார்கள். பாலுவை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்! யோசித்துப் பாருங்கள் தோழர்களே. யானை மேல் ஏற்றுவதற்குத் தீட்டு இல்லை, கோப்பையில் டீ ஊற்றத்தான் தீட்டு. நீதிபதி ரானடே ஒருவர்தான் அந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து, சேர்ந்து ஆட முடிகிறதென்றால் சேர்ந்து சாப்பிடவும் முடியும்தானே என்ற பொருளில் கேட்டார். பெரிய மனிதர், நல்ல கேள்வி கேட்டார். கேள்வியோடு காரியம் நின்றது.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அதே சதாராவில்தான் அம்பேத்கர் பிள்ளைப் பருவத்தைக் கழித்தார். 1900ஆம் ஆண்டு நவம்பரில் அங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வயது 9. வகுப்பில் ஒரு மூலையில் தனியாக உட்கார வேண்டும். உட்காருவதற்கு ஒரு சாக்குத் துணி. அதையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய், சாயங்காலம் எடுத்து வந்துவிட வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கூடம் பெருக்குகிற வேலைக்காரன் அதைத் தொடமாட்டான். தாகமெடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. இவையெல்லாம் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தவை.

அந்தப் பிள்ளையின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வாத்தியாரைப் பார்க்கிறான், அவர் தொடமாட்டார். தெருவைப் பார்க்கிறான், வண்டிக்காரன் ஏற்றமாட்டான். நாவிதன் தலையில் கை வைக்கமாட்டான். உனக்கு ஒன்றும் வராது, உன் கை தொட்டால் பாழ் என்று ஊரே சொல்கிறது. அப்போது பத்திரிகையில் ஒரு பெயர் வருகிறது. தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒருவன். அவன் கையிலிருந்து புறப்படுகிற பந்துக்கு நாட்டை ஆளுகிற வெள்ளைக்காரனும் திணறுகிறான். அந்தப் பெயரைப் பார்த்துப் பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினான் என்றால் அதில் என்ன ஆச்சரியம்? சோற்றைப் போல, பள்ளிக்கூடத்தைப் போல, பிள்ளைகளுக்கு இதுவும் வேண்டியிருக்கிறது. விளையாட்டு வீண் பொழுது என்று சொல்கிற பெரியவர்கள் நம் இயக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் ஒப்புவதில்லை.

1896இல் பூனாவில் பிளேக் பரவியபோது பாலு பம்பாய்க்குப் போய்விட்டார். அங்கே இந்து ஜிம்கானா அணிக்கு ஆடினார். அந்தக் காலத்துப் பம்பாயில் மதத்துக்கொரு அணி. இந்து, பார்ஸி, பிறகு முஸ்லிம். வெள்ளைக்காரனுக்குத் தனி அணி. விளையாட்டையும் இப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பது தனி வெட்கக்கேடு. 1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்துக்கள் அணி வெள்ளைக்காரர்கள் அணியை 109 ஓட்டங்களில் தோற்கடித்தது. அந்த வெற்றியில் பெரும்பங்கு பாலுவின் பந்துக்கு. தம்பி சிவராமும் அணியில் இருந்தார். அப்போது அம்பேத்கர் பம்பாயில் பள்ளி மாணவர், 14 வயது. குடியிருப்பு பரேல் பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒற்றை அறை வீட்டில்.

1911இல் இந்திய அணி ஒன்று முதன்முறையாக இங்கிலாந்துக்குப் போயிற்று. தலைவர் யார்? பாட்டியாலா மகாராஜா! அவர் ஆரம்பத்தில் சில ஆட்டங்கள் ஆடினார், பிறகு சீமையில் விருந்துகளுக்குப் போய்விட்டார். அணி 23 ஆட்டங்களில் 6 ஜெயித்து 15 தோற்றது. அந்தத் தோல்விகளுக்கு நடுவே, வயது முப்பத்தைந்தைத் தொட்ட பாலு, வலிக்கிற தோளோடு 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்ததும் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதில் வரவேற்புரை வழங்கியவர் அம்பேத்கர் என்று கிரிக்கெட் சரித்திரம் எழுதிய ராமச்சந்திர குஹா சொல்கிறார். அப்போது அவருக்கு வயது 20, கல்லூரி மாணவர்.

இத்தனை சாதித்த பாலுவை இந்துக்கள் அணிக்குத் தலைவராக்கினார்களா? இல்லை. 1913இல் தலைவராக வந்த எம். டி. பாய் என்பவர், அவர் பிராமணர், இந்தப் பதவி என் நண்பர் பாலுவுக்கு வந்திருக்க வேண்டியது என்று மேடையிலேயே சொன்னார். அப்படிச் சொன்னதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும். ஆனால் மெச்சினால் பதவி வருமா? வரவில்லை. வருஷத்துக்கு வருஷம் தள்ளிக்கொண்டே போனார்கள். 1920இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். கடைசித் தம்பி விட்டல் பெரிய மட்டைக்காரர், தலைவராக வேண்டியவர். அவரையும் தாண்டி வேறொருவரைத் தலைவராகப் போட்டார்கள்.

இங்கேதான் தோழர்களே, அந்தச் சகோதரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விட்டலும் சிவராமும் ஆடமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். காரணத்தையும் பகிரங்கமாக அறிவித்தார்கள். ஜாதிக்காக எங்களை ஒதுக்குகிற அணிக்கு எங்கள் உழைப்பு கிடையாது என்றார்கள். இதற்கு நம் பாஷையில் என்ன பெயர்? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்! வேலைநிறுத்தம்! பத்திரிகைகள் எழுதின, ஜனங்கள் பேசினார்கள், ஜிம்கானா இறங்கி வந்தது. சகோதரர்கள் திரும்பி வந்தார்கள். பாலுவை மறுபடி அழைத்து உபதலைவராக்கினார்கள். ஆட்டத்தில் பாய் களத்தை விட்டு வெளியே போய் நிற்க, பாலு அணியை நடத்தினார். 1923இல் விட்டல் தலைவராகவே ஆனார், அணி ஜெயித்தது, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பாலுவின் பந்து அவருக்கு யானைச் சவாரி வாங்கிக் கொடுத்தது. இருபத்தைந்து வருஷம் பந்து போட்டும் வாங்க முடியாததை, தம்பிகள் ஆடமாட்டோம் என்று கையைக் கட்டி நின்ற சில நாட்கள் வாங்கிக் கொடுத்தன. பாலுவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இரண்டையும் பார்த்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் ஊரில் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான ஜனங்களை அழைத்துப் போய், இறங்கி, கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தாரே அம்பேத்கர், அங்கே பியூன் யாரும் தேவைப்படவில்லை.

மில் தோழர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதியில் கூலி அதிகம். அங்கே தாழ்த்தப்பட்ட தொழிலாளி நுழைய முடியாது. ஏன்? நாடாவில் நூல் தீர்ந்தால், புது நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும். அடுத்த ஷிப்டில் இன்னொருவன் அதே நாடாவில் வாய் வைப்பான். எச்சில் தீட்டாகிவிடுமாம்! நாலாயிரம் பேர் ஒரே சங்கு ஊதி ஒரே கேட்டில் நுழைகிறார்கள், உள்ளே போனதும் ஒரு நாடா அவர்களை ஊரும் சேரியுமாகப் பிரித்துவிடுகிறது. 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார். இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள் என்றார். நம் தலைவர்கள் அன்று அதை இன்னும் வேகமாகக் கையில் எடுத்திருக்கலாம். பத்து வருஷம் கழித்து, 1938 நவம்பர் 7ஆம் தேதி, தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார்கள்.

இப்போது தம்பிகளுக்குக் கஷ்டமாக இருக்கப்போகிற இடம். பாலுவும் அம்பேத்கரும் கடைசிவரை ஒன்றாக இருந்தார்களா? இல்லை. பாலு காந்தியின் பக்கம் நின்றார். தனித் தொகுதி வேண்டாம் என்றார். நம் சென்னையின் எம். சி. ராஜாவும் அந்தப் பக்கம்தான். 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் கையெழுத்தும் இருக்கிறது, ராஜா, பாலு கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயின் ஆலைப் பகுதியில் அம்பேத்கர் நின்றார். அவரைத் தோற்கடிக்கக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் யார்? அவருடைய இளம்பருவத்து வீரரான இதே பாலு! அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. வீரர் போட்ட பந்தைப் பிள்ளை அடித்துவிட்டான்.

இதனால் பாலு சின்னவராகிவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. மண் குவளையில் டீ குடித்த மனிதர், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிற நாள் தானாக வந்துவிடும் என்று நம்பினார். அவர் யானைச் சவாரியையும் பார்த்தவர், அதனால் நம்பினார். சாக்குத் துணியைச் சுமந்த பிள்ளை நம்பவில்லை. ஒருவரை முன்மாதிரியாக வைத்துக்கொள்வது என்றால் அவர் கால் வைத்த இடத்திலெல்லாம் கால் வைப்பது என்று அர்த்தமா? சினிமா நடிகன் கட்சி தொடங்கினால் பின்னாலேயே ஓடுகிறோமே, அந்தப் பழக்கத்தால்தான் இந்தக் குழப்பம் நமக்கு வருகிறது. பாலு 1955இல் காலமானார். அடுத்த வருஷம் டிசம்பரில் அம்பேத்கரும் போய்விட்டார்.

தம்பிகளே, உங்களுக்கு இன்று வீரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் கூலிவேலைக் குடும்பத்தில் பிறந்த நடராஜன், அவரும் இடது கையால் பந்து போடுகிறவர்தான், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடினார். அவர் படத்தை நோட்டில் ஒட்டுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நம் ஜில்லாவைப் பற்றியும் ஒன்றை நினைவில் வையுங்கள். தண்டராம்பட்டுக்குப் பக்கத்தில் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் கால் வைத்தது எப்போது? 2023 ஜனவரி 30ஆம் தேதி. கலெக்டரும் போலீசும் கூட நிற்க வேண்டியிருந்தது. எண்பது வருஷமாக உள்ளே விடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. தீபத்துக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் தோளோடு தோள் உரசி நடக்கிற இதே திருவண்ணாமலை ஜில்லாவில்தான்.

இன்று இந்த மைதானத்தில் ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடினீர்கள். சடுகுடுவைப் போல ஆட்டம் கிடையாது. தொடாமல் அதை ஆடவே முடியாது! பாடிப் போகிறவன் தொட வேண்டும், நிற்கிறவர்கள் அவனைக் காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்துக் கட்டிப் புரள வேண்டும். அத்தனையும் செய்தீர்கள். ஒரு பையனுக்கு மூச்சு வாங்கியபோது இன்னொருவன் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தான். அவன் வாய் வைத்துத்தான் குடித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன், வீட்டில் போய் உதை வாங்க வேண்டாம்.

ஒரு குறை. இந்தப் பொட்டலை விட்டால் உங்களுக்கு மைதானம் கிடையாது. மல்லாட்டை அறுவடையானால் இதுவும் களமாகிவிடும். அடுத்த பந்தயம் ஊர்ப் பக்கத்திலா காலனிப் பக்கத்திலா என்ற பேச்சு இப்போதே கிளம்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவே புறம்போக்கு நிலம் சும்மா கிடக்கிறது. அதை விளையாட்டு மைதானமாக ஒதுக்கித் தரும்படி மனு எழுதியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம். காலை 9 மணிக்கு வந்துவிட வேண்டும். ஆடுகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் போடுங்கள். ஒரு பக்கத்துக் கையெழுத்து மட்டும் இருந்தால் நான் அந்த மனுவை எடுத்துப் போகப் போவதில்லை.

அடுத்த வருஷத்துக்கு அணித் தலைவரை நீங்களே கை தூக்கித் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பாடுகிறவன் யார், ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவன் யார் என்று மட்டும் பாருங்கள். பெரியவர்கள் யாரும், என்னையும் சேர்த்து, அதில் வாய் வைக்கக் கூடாது.

சோறு தயாராகிவிட்டது என்று தோழர் அங்கிருந்து கை காட்டுகிறார். இலை ஒரே வரிசையாகத்தான் போட்டிருக்கிறோம். தண்ணீர் டம்ளர் எல்லாம் ஒரே மாதிரிதான், கழுவி வைத்திருக்கிறது. முதல் பந்தியில் ஆடியவர்கள் உட்காருங்கள். பெரியவர்கள் பரிமாறுவோம்.